கதவுக்கு மட்டும் சீல்

ஜூன் 9, திங்கள்

எங்கள் சர்வீஸ் ரிப்போர்ட்டில் "வாடிக்கையாளர் ஒத்துழைப்பு" என்று ஒரு கட்டம் உண்டு. நன்று, சுமார், மோசம் என்ற மூன்றில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும். இந்தப் பேப்பர் மில்லுக்கு நாலாவது கட்டம் ஒன்று வேண்டும். அதில் எழுத வேண்டியதைக் கம்பெனி அச்சடித்துத் தராது என்பதால் இந்த டைரியில் எழுதுகிறேன்.

காலையில் கேட்டில் காவலாளி என் பையைக் கவிழ்த்தான். மடிக்கணினி, அடாப்டர், ஸ்குரூடிரைவர், அம்மா கொடுத்துவிட்ட எள்ளுப்பொடி எல்லாம் மேசையில் விழுந்தன. எள்ளுப்பொடியை மோந்து பார்த்துவிட்டு, "போலாமுங்க" என்றான். சத்தியமங்கலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் இந்த ஊரில் வைவதைக்கூட "ங்க" போட்டுத்தான் வைகிறார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் என்றால் நேராக "போவே" என்று சொல்லியிருப்பான், நானும் திருப்பி ஒன்று கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

வேலை சின்னதுதான். பெரிய காகித உருளையை வெட்டிச் சின்ன உருளைகளாகச் சுற்றும் ரீவைண்டர் மெஷின் ஒன்று மூன்று வாரமாக நிற்கிறது. அதை ஓட்டும் கன்ட்ரோலரோடு என் மடிக்கணினியை இணைத்து, வரதன் சார் கோயம்புத்தூரிலிருந்து கொடுத்தனுப்பிய புதுப் புரோகிராமை ஏற்ற வேண்டும். வரதன் சார் எங்கள் கம்பெனி முதலாளி. ஒன்பது வருஷமாக அவரிடம் இருக்கிறேன். இந்த மெஷினுக்கு முதலில் புரோகிராம் எழுதியவரும் அவர்தான்.

கன்ட்ரோலர் இருக்கும் பேனலைப் போய்ப் பார்த்தேன். கதவில் பூட்டு, பூட்டைச் சுற்றித் துணி, துணிமேல் சிவப்பு அரக்கில் அரசாங்க முத்திரை. மூன்று வாரத்துக்கு முன் இந்த மெஷினில் ஒரு விபத்து நடந்ததும் தொழிற்சாலை ஆய்வாளர் வந்து வைத்த சீல். கரண்டை அணைக்கக் கூடாது, உள்ளே யாரும் கைவைக்கக் கூடாது என்று உத்தரவாம். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, தொட முடியாது.

ஜி.எம். தண்டபாணி தன் அறையில் காபி கொடுத்து விளக்கினார். "கதவுக்குத்தானுங்க சீல் வெச்சிருக்காங்க, ஒயருக்கு இல்லீங்களே. ஆபரேட்டர் டேபிள்ல இருந்து கேபிள் வழியா உள்ள போயிருங்க. வெள்ளிக்கிழமை அந்த இன்ஸ்பெக்டரம்மா வந்து சீலைப் பிரிக்கறப்ப உள்ள எல்லாம் சுத்தமா, ரொம்ப சுத்தமா இருக்கோணும்."

சுத்தம் என்ற வார்த்தையை இரண்டு தடவை சொன்னார். கேட்பதற்கு நல்ல வார்த்தைதான். சீல் எதற்கு, விபத்து எப்படி என்றெல்லாம் நான் கேட்கவில்லை. இணைக்க வந்தவன் இணைத்துவிட்டுப் போக வேண்டும்.

எலக்ட்ரிகல் ஃபோர்மேன் சென்னியப்பனைச் சந்தித்தேன். ஐம்பது வயது இருக்கும். கழுத்துப் பட்டன்வரை போட்ட காக்கிச் சட்டை, தூங்கி எழுந்ததே இல்லை என்பது போல ஒரு முகம். நான் கையை நீட்டினேன். அவர் தன் கை நிறைய கிரீஸ் இருப்பதாகக் காட்டினார். கை சுத்தமாகத்தான் இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

ஆபரேட்டர் டேபிளில் மடிக்கணினியை வைத்து சார்ஜரைச் செருகினேன். பிளக்கில் கரண்ட் இல்லை. அடுத்த பிளக்கிலும் இல்லை.

"ஏன்வே, நேத்து சாயங்காலம் இதுல ஃபேன் ஓடிச்சே?" என்றேன்.

"நேத்து ஓடுச்சுங்க. இன்னிக்கு ஓடலீங்க. கரண்டு சமாச்சாரம் பாருங்க, சொல்ல முடியாதுங்க" என்றார் சென்னியப்பன்.

மதியம் கேன்டீனில் டோக்கன் இல்லாமல் சோறு இல்லை என்றார்கள். டோக்கன் யார் தருவார்? சென்னியப்பன் தருவார். அவர் எங்கே? சாப்பிடப் போயிருக்கிறார். எள்ளுப்பொடியை வெறும் பன்னில் தொட்டுத் தின்றேன். ஊரோடு பகைக்கின் வேரோடு கெடும் என்பார்கள். நான் இந்த ஊரோடு பகைக்கவே இல்லை, வந்து ஒரு நாள்தான் ஆகிறது, அதற்குள் வேரைப் பிடித்து இழுக்கிறார்கள்.

கேன்டீன் ஃப்ரிட்ஜ் பிளக்கிலிருந்து நீளக் கம்பி இழுத்து ஒருவழியாக வேலையைத் தொடங்கினேன். இந்த மெஷினில் கன்ட்ரோலர், மோட்டார் டிரைவ்கள், சென்சார் பெட்டிகள் எல்லாம் ஒரே ஊதாக் கேபிளில் வரிசையாகக் கோத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று மடிக்கணினி ஒரு குரல் கொடுத்தால் ஒவ்வொருவரும் தன் நம்பரைச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது மாதிரிதான்.

ஆஜர் எடுத்தேன். டேபிளுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று டிரைவ்கள் "உள்ளேன் ஐயா" என்றன. அதற்கு அப்பால் ஒருவரும் இல்லை. கன்ட்ரோலரின் நம்பர் வரவே இல்லை. என் அடாப்டரை மாற்றினேன், வேகத்தை மாற்றினேன், என் நம்பரை மாற்றினேன். அதே மூன்று பேர்தான் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

நடுவில் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது. கேபிள் கூரைக்குக் கீழே தட்டில் ஓடுகிறது. ஏறிப் பார்க்க ஏணி வேண்டும்.

"ஏணி இல்லீங்க" என்றார் சென்னியப்பன்.

"இவ்வளவு பெரிய மில்லுல ஒரு ஏணி இல்லியா?"

"இருந்துச்சுங்க. கோயில் திருவிழாவுக்குக் கேட்டாங்க, குடுத்துப்போட்டம்."

"எந்தக் கோயில்வே, இப்பம் திருவிழா?"

"உங்களுக்குத் தெரியாத கோயிலுங்க."

சுற்றி நின்ற நாலு பேரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன். மெஷின் நின்றால் உங்கள் சோற்றில்தான் மண் விழும், அதுகூடத் தெரியாத கூட்டம் என்றேன்.

ஜூன் 11, புதன்

காலையில் மில் வாசலுக்கு எதிர் டீக்கடையில் ஒருவர் வந்து என் பக்கத்தில் நின்றார். ஒல்லியானவர், நாற்பது வயதிருக்கும். "நானுங்க கிட்டுசாமி. அந்த ரீவைண்டர் ஆபரேட்டர். இப்ப சஸ்பெண்டு" என்றார்.

கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். மெஷினைச் சுற்றிக் கம்பி வேலி, அதற்கு ஒரு கதவு. கதவைத் திறந்தால் அதிலுள்ள சென்சார் மெஷினை நிறுத்தும். மூடும்வரை ஸ்டார்ட் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் ஓடாது. அன்றைக்கு உருளையில் காகிதம் சுற்றிக்கொண்டது. ராம்பிரவேஷ் என்ற பீகார்க்காரர் அதை எடுக்கக் கதவைத் திறந்து உள்ளே போனார். கிட்டுசாமி நின்ற இடத்திலிருந்து அந்தக் கதவு தெரியாது. எடுத்தாயிற்று என்று யாரோ கைகாட்டினார்களாம், இவர் ஸ்டார்ட்டை அமுக்கினார். மெஷின் ஓடியது.

"கை மணிக்கட்டோட போயிருச்சுங்க. கோயமுத்தூர் ஆஸ்பத்திரில கெடக்கறாரு. நான்தான் சென்சார்ல காந்தத்த ஒட்டி, கதவு மூடியிருக்கற மாதிரி ஏமாத்துனேன்னு சொல்றாங்க. வேலையும் போகும், போலீஸ் கேசும் வருமுங்க. நான் காந்தம் வெக்கலீங்க. கதவு தொறந்திருந்தாலும் ஓடற மாதிரி உள்ளயே பண்ணி வெச்சிருக்காங்க. மாசி மாசத்துல இருந்தே அப்படித்தான் ஓடுச்சு. வெள்ளிக்கெழம அந்தம்மா உள்ள பாத்தாங்கன்னா தெரிஞ்சிருமுங்க."

அவர் சொல்லி முடித்ததும் நான் என்ன சொன்னேன் என்பதை எழுதுகிறேன், எப்படியும் யாரும் படிக்கப்போவதில்லை. "பட்டன அமுக்குனது நீரு. கத சொல்ல வேற ஆளப் பாரும்" என்றேன். டீயைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். காலை நேரத்தில் கண்டவன் எல்லாம் வந்து அழுதால் எனக்கு எரிச்சல் வராதா.

மதியம் வரதன் சாரிடமிருந்து போன். "என்ன நாயகம், மூணு நாளாச்சு, ஒரு கேபிள்ல நுழைய முடியலையா? உள்ள போன உடனே ஏத்திடு. பழசை எல்லாம் பார்த்துட்டு உக்காராதே."

பார்த்துக்கொண்டு உட்காரும் பழக்கம் எனக்கு எப்போது இருந்தது? சொல்லிக்கொடுத்தவருக்கே சந்தேகம்.

ஜூன் 11, மாலை

ஏணி வந்தது. ஜி.எம். தன் காரின் மேல் கட்டிக் கொண்டுவந்தார்.

ஜூன் 12, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

கூரைத் தட்டு முழுவதும் காகிதத் தூசு, விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ஊதாக் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். நாலாவது டிரைவுக்கு மேலே ஒரு பெட்டி. அதில் மட்டும் தூசு துடைத்திருந்தது. திறந்தேன். கேபிளைச் செருகும் கனெக்டரில் நகத்தால் தள்ளும் அளவுக்கு ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. வரிசையின் இரண்டு கடைசிகளில் மட்டும் அது ஆன் நிலையில் இருக்க வேண்டும், நடுவில் உள்ளது எல்லாம் ஆஃப். நடுவில் ஒன்றை ஆன் செய்தால் கேபிள் அதோடு முடிந்துவிட்டதாக ஆகி, அப்பால் உள்ள எல்லாம் துண்டிக்கப்படும். கம்பியை அறுக்க வேண்டாம், ஒன்றையும் உடைக்க வேண்டாம். யாராவது கேட்டால் தெரியாமல் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

சென்னியப்பனின் வேலை என்பதில் சந்தேகமே இல்லை. கோபத்துக்கு நடுவிலும் கொஞ்சம் மெச்சினேன், அதை அவரிடம் சொல்ல மாட்டேன். நகத்தால் தள்ளினேன். கீழே இறங்கி ஆஜர் எடுத்தேன். எல்லோரும் வந்தார்கள். கடைசியாகக் கன்ட்ரோலரும் வந்தது.

நாலு நாள் பட்டினி, பிளக், ஏணி, அந்தத் தெரியாத கோயில் எல்லாம் தலைக்கு ஏறியிருந்தது. முதலில் எடு, பிறகு போடு என்பது என் வழக்கம். எந்த கன்ட்ரோலரைத் தொட்டாலும் உள்ளே இருப்பதை ஒரு பிரதி எடுக்காமல் புதியதை ஏற்ற மாட்டேன். கை தன்னால் அதைச் செய்தது. பிரதி வந்ததும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. புதுப் புரோகிராமை ஏற்றினேன். பச்சைக் கோடு ஓடி முடிந்தது. பிறகு, என்னைத் தவிர யாருமே இல்லாத டேபிளில் உட்கார்ந்து, "சென்னியப்பன் சார், வாங்க, ஒங்க திருவிழா முடிஞ்சு போச்சு" என்று சத்தமாகக் கூப்பிட்டேன்.

வந்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏத்திட்டீங்களா?"

"ஏத்தியாச்சு."

பதிலுக்கு ஏதாவது சொல்வார், நானும் திருப்பிச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவர் டேபிள் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கழுத்துப் பட்டனைக் கழற்றினார். "கிட்டுசாமிக்கு ரெண்டும் பொட்டப் புள்ளைங்க" என்று மெல்லச் சொன்னார். என்னிடம் சொன்னது போல இல்லை.

ஜூன் 12, மறுபடியும்

லாட்ஜுக்கு வந்து பிரதியைத் திறந்தேன்.

வேலிக் கதவின் சென்சாரை மெஷின் பார்க்க வேண்டிய இடத்தில், எப்போதும் "மூடியிருக்கிறது" என்று பதில் சொல்லும் ஒரு துண்டு எழுதப்பட்டிருந்தது. கதவு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அது மூடியிருப்பதாகவே சொல்லும். காந்தம் தேவையே இல்லை. பக்கத்தில் ஒரு குறிப்பு: பிப்ரவரி மாதத் தேதி, "ஜி.எம். கேட்டதால் தற்காலிகமாக, வ." எதை மாற்றினாலும் பக்கத்தில் குறிப்பு எழுதிப் பேரின் முதலெழுத்தைப் போட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வரதன் சார். நல்ல பழக்கம்.

எனக்கு எதுவும் தெரியாது என்று இங்கே ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். அரக்கு முத்திரையைத் திங்கட்கிழமையே பார்த்தேன். கிட்டுசாமி டீக்கடையில் வாய்விட்டுச் சொன்னார். பழசைப் பார்க்காதே என்றார் முதலாளி. இன்னும் எப்படிச் சொன்னால் எனக்குத் தெரிந்திருக்கும்? எனக்கு அவமானமாக இருக்கிறது. சென்னியப்பன்மேல் கோபமும் இருக்கிறது. என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே, ஏணியை ஒளிப்பதற்குப் பதிலாக. சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்பதற்குப் புதன்கிழமைப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி, காலை

ஆறு மணிக்கு வரதன் சார் போன் செய்தார். "பிரதி எடுத்தியா?"

"எடுத்தேன் சார்."

"அதை அழிச்சிடு. ஒன்பது வருஷம் நான் உன்னை எப்படி வெச்சிருந்தேன்னு யோசி. அடுத்த மாசத்துல இருந்து சர்வீஸ் முழுக்க உன் பொறுப்புதான்."

"பாக்கேன் சார்" என்றேன். என்ன பார்ப்பேன் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஏழு மணிக்கு மில்லில் சென்னியப்பனைப் பிடித்தேன். விஷயத்தைச் சொல்லி, ஆய்வாளர் வருவதற்குள் பழையதையே திரும்ப ஏற்றிவிடுகிறேன், ஐந்து நிமிஷம் போதும் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மடத்தனம் எனக்கே புரிந்துவிட்டது. இனி ஏற்றினால் அது புதிதாக ஏற்றியதுதான், சீலுக்குள் கிடந்தது ஆகாது. தொழிலாளர்கள் ஆள் பிடித்து ராத்திரியோடு ராத்திரியாகச் செருகியதாக ஜி.எம். சொல்வார். மடிக்கணினியில் உள்ள பிரதியைக் காட்டினாலும், அது நானே உட்கார்ந்து எழுதியது என்பார்கள். சீலுக்குள்ளே கிடந்தவரைதான் அது சாட்சி. அதற்காகத்தான் இந்த மனுஷன் வழியை அடைத்து வைத்திருந்தார்.

"அந்த டப்பாகிட்டக்கூடப் போவாதீங்க. நீங்க ஒருக்கா உதவி பண்ணதே போதுமுங்க" என்றார்.

ஜூன் 13, மாலை

ஆய்வாளர் பெனிட்டா பத்து மணிக்கு வந்தார். குட்டையானவர், ரப்பர் செருப்பு, கூட ஒரு கல்லூரிப் பேராசிரியர். கிட்டுசாமியையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் சுவரோரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சீலைப் பிரித்தார்கள். பேராசிரியர் தன் மடிக்கணினியைச் செருகி அரை மணி நேரம் பார்த்தார்.

"புரோகிராம் சரியா இருக்கும்மா. கதவு திறந்தா மெஷின் ஓடாது."

"அதைத்தானுங்க நாங்களும் முதல்ல இருந்து சொல்றம்" என்றார் ஜி.எம். "அந்த சென்சார்ல காந்தம் வெக்காம கை போயிருக்காதுங்க."

கிட்டுசாமி காட்டி மறுக்க இருந்த ஒரே சாட்சியை நேற்று நான் அழித்திருந்தேன். நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் பாத்ரூம் போகக் கேட்கும் பையன் மாதிரி இருந்திருக்கும்.

"அம்மா, அது நேத்து நான் ஏத்துனது. அதுக்கு முந்தி உள்ள கிடந்தது வேற."

ஜி.எம். முகம் மாறிய வேகத்தை நான் ரசித்தேன் என்று எழுதத்தான் வேண்டும். "இவன் வெளியாளுங்கம்மா. இவங்கெல்லாம் சேர்ந்து இவனை வெலைக்கு வாங்கிட்டாங்க. அந்தக் கம்ப்யூட்டர்ல என்ன வேணாலும் எழுதிக் கொண்டாந்திருப்பான்" என்றார்.

ஆய்வாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவர் சொல்றதுல நியாயம் இருக்குல்ல? இவங்களுக்கும் உங்களுக்கும் என்ன பழக்கம்?"

திரும்பிப் பார்த்தேன். எலக்ட்ரிகல் ஆட்கள் நாலு பேரும் கதவோரம் நின்றிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் எனக்கு ஆதரவாக ஒரு சுருக்கம்கூட இல்லை.

"பழக்கமா? ஒருத்தனுக்கும் என்னைப் பிடிக்காதும்மா. எனக்கும் இவங்களப் பிடிக்காது" என்றேன்.

ஆய்வாளர் சென்னியப்பனைப் பார்த்தார்.

"அது சத்தியமுங்க" என்றார் சென்னியப்பன். "இந்தாளுக்கு நாலு நாளா நாங்க சோறு போடலீங்க. பிளக்குல கரண்டு குடுக்கலீங்க. ஏணிய ஒளிச்சு வெச்சம். கேபிள்ல வழியடைச்சது நானுங்க. உள்ள இருக்கறத இவன் அழிச்சுருவான்னுதான் பண்ணுனம். செவ்வாக்கெழம எங்கள மண்ணத் திங்கற கூட்டம்னு திட்டுனாருங்க. பக்கத்து டிபார்ட்மெண்டு வரைக்கும் கேட்டுது. எங்க ஆளா இருந்தா நாங்க எதுக்குங்க ஏணிய ஒளிக்கோணும்? அதக் கொண்டாந்து குடுத்தது ஜி.எம். கார்தானுங்க."

நான் மண்ணைத் தின்கிற கூட்டம் என்று சொல்லவில்லை, சோற்றில் மண் விழும் என்றுதான் சொன்னேன். அதைத் திருத்த அது சமயமில்லை.

ஆய்வாளர் ஜி.எம்.மிடம் கேட்டார். "சீல் வெச்ச மெஷினுக்கு இந்த ஆளை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"கம்யூனிகேஷன் கோளாறுங்க..." என்று தொடங்கிய ஜி.எம். பாதியில் நிறுத்தி, தண்ணீர் கேட்டார்.

பேராசிரியர் என் பிரதியைத் திறந்து, பிப்ரவரித் தேதியையும் குறிப்பையும் ஆய்வாளருக்குக் காட்டினார். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னை எதிரே உட்காரச் சொல்லி, பேனாவைத் திறந்தார்.

"இது வெறும் பிரதி. நீங்க வாயால சொன்னாத்தான் இதுக்கு மதிப்பு. சொன்னா உங்களையும் சேர்த்துத்தான் நான் எழுதணும். சீலை மீறினது நீங்கதான். புரியுதா?"

"புரியுது."

"சரி. கதவு சென்சாரை மாத்தினது யாரு?"

வரதன் என்றேன். ஒன்பது வருஷத்தில் 'சார்' போடாமல் அந்தப் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"மாத்தச் சொன்னது?"

தண்டபாணி என்றேன். அவர் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

"நேத்து அதை அழிச்சது?"

சுவரோரம் கிட்டுசாமி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நன்றியோடு ஒன்றும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியதும் இல்லை. என் முழுப் பேரையும், அப்பா பேரையும், ஊரையும் சொன்னேன். ஆய்வாளர் மெதுவாகச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக இன்னொரு தடவை சொன்னேன்.